திரை மாற்றிய பின்னும் இருட்டு: மடிக்கணினியின் பழுதை இனங்காணும் முறை

உடைந்த திரையைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்திய பிறகும் மடிக்கணினி இருண்டே கிடந்தால், கடைக்காரரும் வாடிக்கையாளரும் முதலில் ஐயுறுவது அந்தப் புதிய திரையைத்தான். ஆனால் திரையையும் மதர்போர்டையும் இணைக்கும் மெல்லிய கேபிள், அதன் இரு முனைகளிலும் உள்ள கனெக்டர்கள், பேட்டரி இணைப்பை எடுக்காமல் வேலை செய்ததால் எரிந்துபோன கடுகளவு ஃபியூஸ், மாடலுக்குப் பொருந்தாத பேனல் என வேறு பல காரணங்களும் அதே இருளைத்தான் காட்டும். இவற்றுள் எது என்று பிரித்தறியாமல் இரண்டாவது பேனலை வாங்குவோர், முதல் பேனலுக்குக் கொடுத்த பணத்தோடு இதையும் சேர்த்து இழக்க நேரிடுகிறது. திரையில் தோன்றும் குறி ஒவ்வொன்றும் பழுது எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பெருமளவு சொல்லிவிடுவதால், அக்குறிகளை அறிந்துகொள்வது பழுதுநீக்குபவருக்கு மட்டுமன்றிக் கணினியின் உடைமையாளருக்கும் பயன்படும்.

மும்பையின் ஹார்பர் ரயில் பாதையில் செம்பூருக்கும் மான்குர்துக்கும் நடுவே அமைந்த கோவண்டியில் இந்தச் செய்திக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. நிலையத்தை அடுத்த தேவ்நாரில் டாடா சமூக அறிவியல் நிறுவனம் 1954 முதல் இயங்கிவருகிறது. பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனமும் அங்கேயே உள்ளது. அதே வட்டாரத்தில்தான் சிவாஜி நகர், பைங்கன்வாடி போன்ற நெருக்கமான குடியிருப்புகளும், 1976-ல் ஜனதா காலனியிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட மக்கள், அவர்களுள் பெருந்தொகையான தமிழர், குடியேற்றப்பட்ட சீத்தாகேம்பும் இருக்கின்றன. இவை அனைத்தையும் அடக்கிய எம் கிழக்கு வார்டு, 2009-ஆம் ஆண்டின் மும்பை மனித வளர்ச்சி அறிக்கையில் கடைசி இடத்தில் இருந்தது. இத்தகைய வட்டாரத்தில் கல்லூரிப் பிள்ளையின் மடிக்கணினி பல வீடுகளில் குடும்பத்துக்கே ஒரே கணினியாக இருக்கும். பெருநிறுவனங்கள் சில ஆண்டுகள் பயன்படுத்திக் கழித்த லேட்டிட்யூட், திங்க்பேட், எலைட்புக் வகைகளில் ஒன்றைப் பழையதாக வாங்கியதாகவும் அது இருக்கக்கூடும். அருகிலுள்ள கடையில் பேனல் கிடைக்காதபோது குர்லாவிலும் தாதரிலும் வண்டி மாறி, கிராண்ட் ரோடு நிலையத்தில் இறங்கி, மின்னணுப் பொருள்களுக்குப் பேர்போன லாமிங்டன் சாலைக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. தவறான பேனலோடு திரும்பி வந்தால் ஒரு நாள் கூலியும் போய், மாற்றித் தருவார்களா என்ற வாக்குவாதமும் மிஞ்சும்.

மடிக்கணினியின் மேல்மூடிக்குள் இருக்கும் காட்சிப் பலகையைத் தொழிலில் பேனல் என்பர். இரு மெல்லிய கண்ணாடித் தகடுகளுக்கு இடையே திரவப் படிகம் என்னும் பொருள் நிரப்பப்பட்டு, இருபுறமும் ஒளியை ஒரு திசையில் அதிர்வதாக மட்டும் வடிகட்டி அனுப்பும் போலரைசர் தாள்கள் ஒட்டப்பட்டிருக்கும். திரவப் படிகம் தானாக ஒளிர்வதில்லை. பின்னாலிருந்து வரும் ஒளியை ஒவ்வொரு புள்ளியிலும் கூட்டவும் குறைக்கவும் மட்டுமே அதனால் முடியும். அந்த ஒளியைத் தருபவை பேனலின் விளிம்பில் வரிசையாகப் பதிக்கப்பட்ட எல்இடி விளக்குகள். அவற்றின் வெளிச்சத்தை ஒரு பிளாஸ்டிக் தகடு திரை முழுவதும் சீராகப் பரப்புகிறது. இந்த ஏற்பாட்டுக்குப் பேக்லைட் என்று பெயர். பேனலின் அடிப்பகுதியில் ஒட்டியிருக்கும் நீளமான குறுகிய சுற்றுப்பலகையில் டிகான் என்னும் சில்லு இருக்கிறது. மதர்போர்டிலிருந்து வரும் படத்தரவை வாங்கி, எந்த வரிசையில் எந்தப் புள்ளி எப்போது மாற வேண்டும் என்று பிரித்துக் கொடுப்பது அதன் பணி. ஆகவே ஒளியும் படமும் ஒரே பலகைக்குள் இருந்தாலும் இரண்டும் வேறு வேறு ஏற்பாடுகள். ஒன்று கெட்டு மற்றொன்று நன்றாக இருக்க முடியும். புள்ளிகளே ஒளிரும் ஓஎல்இடி திரைகள் மட்டும் இதற்கு விலக்கு.

பேனலுக்கு வேண்டிய அனைத்தும் ஒரே கேபிள் வழியாகத்தான் வருகின்றன. காட்சிக் கருவிகளுக்குத் தரம் வகுக்கும் வெசா அமைப்பு 2008 டிசம்பரில் முதல் பதிப்பை வெளியிட்ட ஈடிபி என்னும் இணைப்பு முறையே இன்றைய மடிக்கணினிகளில் வழக்கம். அதற்கு முன்பு எல்விடிஎஸ் என்னும் முறை இருந்தது. 15.6 அங்குலப் பேனல்களில் பரவலாகக் காணப்படும் ஈடிபி கனெக்டரில் 30 பின்கள் உள்ளன. ஒரு பின்னுக்கும் அடுத்ததற்கும் உள்ள தொலைவு அரை மில்லிமீட்டர்தான். வழக்கமான அமைப்பில் 12, 13 ஆகிய பின்கள் டிகான் பலகைக்கு 3.3 வோல்ட் தருகின்றன. 26 முதல் 29 வரையுள்ள நான்கும் பேக்லைட்டுக்கான மின்சாரத்தைச் சுமக்கின்றன. இது மடிக்கணினியின் முதன்மை மின்வழியிலிருந்து வருவதால் 20 வோல்ட் வரைகூட இருக்கலாம். 22-ஆம் பின் விளக்கை எரியச் சொல்லும் ஆணையையும், 23-ஆம் பின் வெளிச்சத்தின் அளவையும் கொண்டுவருகின்றன. 9, 10 ஆகிய இரண்டும் பேனலும் கணினியும் பேசிக்கொள்ளும் துணைவழி. 17-ஆம் பின் பேனல் தன் வருகையை அறிவிக்கும் வழி. படத்தரவு 3, 4, 6, 7 ஆகிய பின்களில் ஒரு வோல்ட்டுக்கும் குறைந்த மிக நுண்ணிய அலைகளாக ஓடுகிறது.

இவை எல்லாம் ஒரே நேரத்தில் உயிர்பெறுவதில்லை. குறிகளைப் படிக்க முனைபவர் மனத்தில் இருத்த வேண்டிய முதன்மையான செய்தி இதுவே. பவர் பொத்தானை அழுத்தியதும் முதலில் 3.3 வோல்ட் பேனலுக்குப் போகிறது. டிகான் விழித்தெழுந்து, தான் தயார் என்று 17-ஆம் பின் வழியே அறிவிக்கிறது. கணினி துணைவழியில் பேனலின் அடையாளத் தரவைப் படித்து, எந்த வேகத்தில் படத்தை அனுப்பலாம் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு, பிறகே படத்தரவை அனுப்பத் தொடங்குகிறது. கடைசியாகத்தான் பேக்லைட்டை எரியச் சொல்லும் ஆணை பிறக்கிறது. எனவே விளக்கு எரியவில்லை என்பதைக் கண்டவுடன் பேக்லைட் கெட்டது என்று முடிவுகட்டுவது சரியன்று. முன்னுள்ள படிகளில் ஏதேனும் ஒன்று தடைப்பட்டாலும், துணைவழியின் ஒரு பின் சரியாகத் தொடாமல் போனாலும்கூட, விளக்கு எரியாமலே இருந்துவிடக்கூடும். புதிய பேனலைக் குறைகூறி எழும் வாக்குவாதங்கள் பலவற்றுக்கு இந்த ஒழுங்கை அறியாமையே அடிப்படை.

மேலே சொன்ன அடையாளத் தரவு ஈடிஐடி எனப்படுகிறது. 128 பைட் அளவுள்ள அதன் அடிப்படைப் பகுதியில் பேனலைத் தயாரித்த நிறுவனத்தின் மூன்றெழுத்துக் குறியீடு, மாடல் எண், தயாரித்த ஆண்டு, திரையின் புள்ளி அளவு, படத்தை அனுப்ப வேண்டிய கால அளவுகள் ஆகியவை பதிந்திருக்கும். கடைசி பைட், எல்லா பைட்டுகளையும் கூட்டினால் வரும் தொகை 256-ஆல் மீதியின்றி வகுபடும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. தரவு வழியில் சிதைந்திருந்தால் கணினி இந்தக் கணக்கைக் கொண்டு கண்டுகொள்ளும். சிதைந்த அடையாளத்தைப் படித்த கணினி படத்தை அனுப்பாமலும் இருக்கலாம், மிகக் குறைந்த புள்ளி அளவில் மங்கலாக அனுப்பவும் செய்யலாம். விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் புதிய பேனல் 'ஜெனரிக் பிஎன்பி மானிட்டர்' என்ற பொதுப்பெயரில் தோன்றுவதைக் கண்டு சிலர் போலிப் பேனல் என்று பதறுவதுண்டு; அந்தப் பெயர் எந்தப் பழுதையும் காட்டுவதன்று, அசல் பேனலுக்கும் அதுவே வரும்.

சோதனைகளைக் கணினியைத் திறக்காமலே செய்யக்கூடியவற்றிலிருந்து தொடங்குவது முறை. கணினி உண்மையில் இயங்குகிறதா என்பதே முதற்கேள்வி. விசிறியின் ஓசையும், கேப்ஸ் லாக் விசையை அழுத்தினால் அதன் விளக்கு மாறுவதும் இயங்குவதற்கான சான்றுகள். இவையும் இல்லையென்றால் குறை திரையைப் பற்றியதாக இல்லாமலே போகலாம். நினைவகச் சில்லு இடம்பெயர்ந்திருந்தாலும் இதே நிலை ஏற்படும், பழைய மடிக்கணினிகளில் திரை மாற்றும்போது அடிப்பகுதியையும் திறக்க நேர்வதால் இது அரிதன்று. அடுத்து, எச்டிஎம்ஐ கேபிள் கொண்டு வீட்டுத் தொலைக்காட்சியில் இணைத்துப் பார்க்க வேண்டும். அங்கே படம் வந்தால் கணினியும் அதன் வரைகலைப் பகுதியும் வேலை செய்கின்றன என்று கொள்ளலாம். விண்டோஸ் விசையுடன் பி விசையை அழுத்தினால் தோன்றும் புரொஜெக்ட் பட்டியலில் வெளித்திரை மட்டும் என்று முன்பே யாரேனும் தேர்ந்திருக்கிறார்களா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

பின்னர் டார்ச் சோதனை. இருட்டறையில் கைப்பேசியின் டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் சாய்வாகப் பிடித்து உற்றுப் பார்த்தால், விண்டோஸின் சின்னமோ கடவுச்சொல் கேட்கும் பெட்டியோ புகைபோல் மங்கலாகத் தெரிகிறதா என்று காணலாம். தெரிந்தால் படத்தரவு முறையாக வந்துகொண்டிருக்கிறது, ஒளி மட்டுமே இல்லை என்பது உறுதி. அப்போது தேட வேண்டியவை பேக்லைட் மின்வழி, அதன் ஃபியூஸ், 22, 23 ஆகிய பின்களின் தொடுகை ஆகியவையே. ஒன்றுமே தெரியவில்லையென்றால் குறை அதற்கு முந்தைய படிகளில் இருக்கிறது. இதற்கு நேர்மாறாக, திரை முழுதும் வெளுத்தோ சாம்பல் நிறமாகவோ ஒளிர்ந்து படம் மட்டும் இல்லாதிருப்பதும் உண்டு. ஒளி இருக்கிறது, தரவு சேரவில்லை அல்லது டிகான் அதைப் பிரிக்கவில்லை என்று அதற்குப் பொருள்.

சில தயாரிப்பாளர்கள் இதற்கென்றே ஒரு வசதியை உள்ளமைத்துள்ளனர். டெல் மடிக்கணினிகளில் டி விசையை அழுத்திப் பிடித்தபடி பவர் பொத்தானை அழுத்தினால், சிவப்பு, பச்சை, நீலம் என முழுநிறங்கள் திரையில் மாறி மாறி வரும். இயக்க மென்பொருளும் அதன் டிரைவரும் தலையிடாத சோதனை இது என்பதால், நிறங்கள் கோடோ கறையோ இன்றித் தூய்மையாக வந்தால் பேனலைக் குறைகூற இடமில்லை. புதிய பேனலை வாங்கிப் பொருத்துபவர் இந்தச் சோதனையை வாடிக்கையாளர் முன்னிலையில் செய்து காட்டுவது இருவருக்கும் நல்லது.

கோடுகள் வேறு வகை. மேலிருந்து கீழாக எப்போதும் ஒரே இடத்தில் நிற்கும் செங்குத்துக் கோடு, கண்ணாடியின் விளிம்பில் ஒட்டப்பட்ட இயக்கிச் சில்லின் இணைப்பு விட்டுப்போனதால் வருவது. அந்த ஒட்டு மயிரிழையினும் நுண்ணியது என்பதால் சாதாரணக் கடைகளில் சரிசெய்ய இயலாது, பேனலை மாற்றித்தான் ஆக வேண்டும். மூடியைச் சாய்க்கும்போது தோன்றி மறையும் கோடு அத்தகையதன்று. கீலுக்குள் வளைந்து செல்லும் கேபிளில் இழை அறுந்திருப்பதையோ கனெக்டர் முழுதாக உட்காராததையோ அது காட்டுகிறது. கோடு வரைகலைப் பகுதியில் பிறந்ததா, பேனலில் பிறந்ததா என்று அறிய எவரும் செய்யக்கூடிய எளிய வழி ஒன்று உண்டு. கோடு தெரியும் நேரத்தில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதைக் கைப்பேசிக்கு அனுப்பிப் பார்க்க வேண்டும். அங்கே கோடு இல்லையென்றால் கணினி சரியான படத்தைத்தான் உருவாக்கியிருக்கிறது. பழுது கேபிளிலோ பேனலிலோ உள்ளது. கோடு படத்திலேயே பதிந்திருந்தால் டிரைவரையோ வரைகலைச் சில்லையோ ஆராய வேண்டும்.

விண்டோஸுக்கு முன் வரும் பயாஸ் அமைப்புப் பக்கம் தெளிவாகத் தெரிந்து, விண்டோஸ் தொடங்கும் கணத்தில் திரை அணைந்தாலும் துடித்தாலும் பேனலும் கேபிளும் அநேகமாக நல்ல நிலையிலேயே உள்ளன. பழைய பேனலுக்கென்று நினைவில் வைத்திருந்த புதுப்பிப்பு வேகமோ டிரைவரோ புதியதோடு ஒத்துப்போகாதது காரணமாகலாம். சேஃப் மோடில் திறந்து, வரைகலை டிரைவரை நீக்கி மீண்டும் நிறுவுவது உதவும். அசையாத படம் திரையில் இருக்கும்போது மின்சாரத்தைச் சேமிக்கப் பேனலே அதை நினைவில் வைத்துக் காட்டும் 'பேனல் செல்ஃப் ரெஃப்ரெஷ்' என்னும் வசதியும் சில பேனல்களில் துடிப்பை உண்டாக்குகிறது. இன்டெல் வரைகலை அமைப்புகளில் அதை அணைத்துவிட்டுப் பார்ப்பதற்குச் செலவு ஏதுமில்லை.

இனி, பழைய நிறுவனக் கணினிகளை வாங்கும் கோவண்டி போன்ற இடங்களில் மிகுதியாக நேரும் பொருத்தமின்மையைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். ஒரே மாடல் பெயரில் எச்டி திரையுடன் ஒரு வகையும் ஃபுல் எச்டி திரையுடன் ஒரு வகையும் விற்கப்பட்டிருக்கும். எச்டி என்பது 1366-க்கு 768, அதாவது 10,49,088 புள்ளிகள். ஃபுல் எச்டி என்பது 1920-க்கு 1080, அதாவது 20,73,600 புள்ளிகள். வினாடிக்கு 60 முறை, புள்ளிக்கு 24 பிட் வீதம் கணக்கிட்டால் முன்னதற்கு ஏறத்தாழ 151 கோடி பிட்டும் பின்னதற்கு ஏறத்தாழ 299 கோடி பிட்டும் ஒவ்வொரு வினாடியும் செல்ல வேண்டும். ஈடிபி கேபிளில் ஓர் இணைக் கம்பியை லேன் என்பர். பரவலாக உள்ள 2.7 ஜிகாபிட் வேகத்தில் ஒரு லேன் பயனுள்ள தரவாகச் சுமக்கக்கூடியது 216 கோடி பிட். எச்டி திரைக்கு ஒரு லேன் போதும் என்பதால், அத்தகைய கணினிகள் சிலவற்றின் கேபிளில் இரண்டாவது இணைக் கம்பி வைக்கப்படவே இல்லை. இரு முனைக் கனெக்டர்களும் 30 பின் கொண்டவையாகவே இருப்பதால் ஃபுல் எச்டி பேனல் அதில் அழகாகப் பொருந்திவிடும். ஆனால் படம் வராது, அல்லது நிலையின்றித் துடிக்கும். பேனல் நல்லது, கேபிள் நல்லது, கணினியும் நல்லது. மூன்றும் ஒன்றுக்கொன்று ஏற்றவையல்ல என்பதே குறை. கூடுதல் தெளிவுக்காக மேம்படுத்த விரும்புபவர் பேனலுடன் அந்த மாடலுக்குரிய ஃபுல் எச்டி கேபிளையும் சேர்த்து வாங்க வேண்டும்.

40 பின் கனெக்டரிலும் இதே சிக்கல் வேறு வடிவில் வருகிறது. பழைய எல்விடிஎஸ் பேனல்கள், தொடுதிரை இணைந்த ஈடிபி பேனல்கள், வினாடிக்கு 144 முறை புதுப்பிக்கும் விளையாட்டுக் கணினிப் பேனல்கள் ஆகிய மூன்றிலும் 40 பின்கள் இருக்கலாம். பின்களின் பணி மூன்றிலும் வேறு. பின்களின் எண்ணிக்கை ஒன்றாயிருப்பதை மட்டும் நம்பிச் செருகுவது ஆபத்து. பேனலின் பின்புறம் ஒட்டியுள்ள லேபிளில் அச்சிட்டிருக்கும் முழு மாடல் எண்ணே நம்பத்தக்கது. பிஓஇ நிறுவனத்தின் 'என்டி156டபிள்யூஎச்எம்' எச்டி வகை, 'என்வி156எஃப்எச்எம்' ஃபுல் எச்டி வகை. இரண்டிலும் 156 என்பது 15.6 அங்குலத்தைக் குறிக்கிறது. இந்த மாடல் பெயர்களுக்குப் பின்வரும் 'என்' எழுத்தும் எண்ணும் திருகு மாட்டும் காதுகள் உண்டா இல்லையா, சட்டம் எவ்வளவு அகலம் என்பன போன்ற வேறுபாடுகளைப் பிரிப்பதால் அவற்றையும் விடாமல் ஒப்பிட வேண்டும். காதுள்ள 15.6 அங்குலப் பேனல் ஏறத்தாழ 360 மில்லிமீட்டர் அகலமும் காதில்லாதது சில வகைகளில் 350 மில்லிமீட்டர் அகலமும் கொண்டிருப்பதால், தவறானதை வாங்கினால் மூடிக்குள் திணிக்க வேண்டிவரும். அப்படித் திணித்த பேனலில் சில நாள்களிலேயே அழுத்தப்பட்ட இடம் வெண்திட்டாகத் தெரியத் தொடங்கும்.

பொருத்தும் வேலையில் நேரும் பெருந்தவறு பேட்டரி இணைப்பைத் துண்டிக்காமல் கேபிளைக் கழற்றி மாட்டுவது. கணினியை அணைத்திருந்தாலும் பேட்டரி இணைந்திருக்கும்வரை மதர்போர்டின் முதன்மை மின்வழியில் மின்சாரம் நிற்கிறது. அரை மில்லிமீட்டர் இடைவெளியுள்ள கனெக்டரைச் சாய்வாகச் செருகும் கணத்தில் பேக்லைட் மின்வழி உலோகக் கூட்டையோ பக்கத்துப் பின்னையோ தொட்டுவிட்டால், நல்வாய்ப்பாக ஃபியூஸ் எரியும். தீவாய்ப்பாக 20 வோல்ட் வரையுள்ள மின்சாரம் ஒரு வோல்ட்டுக்கும் குறைந்த தரவுவழிக்குள் பாயும். இன்டெல் பிராசஸர்களில் வரைகலைப் பகுதி பிராசஸருக்குள்ளேயே அமைந்திருப்பதால், அந்தப் பாய்ச்சல் பிராசஸரையே தாக்கி மதர்போர்டு முழுவதையும் பயனற்றதாக்கக்கூடும். இதைத் தவிர்க்கச் சார்ஜரை எடுத்து, அடிமூடியைத் திறந்து பேட்டரி இணைப்பை விலக்கி, பவர் பொத்தானைச் சில வினாடிகள் அழுத்திப் பிடித்து எஞ்சிய மின்சாரத்தை வடித்த பிறகே கேபிளைத் தொட வேண்டும். உள்ளமைந்த பேட்டரி உள்ள பல திங்க்பேட் மாடல்களில் பயாஸ் பக்கத்திலேயே பேட்டரியை முடக்கிவைக்கும் வசதி உண்டு.

எரிந்த ஃபியூஸ் மதர்போர்டில் திரைக் கேபிளின் கனெக்டருக்கு அருகில், எஃப் என்ற எழுத்தும் எண்ணும் குறிக்கப்பட்ட சிறு பெட்டியாக இருக்கும். பேட்டரியை விலக்கிய நிலையில் மல்டிமீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வைத்து இரு முனைகளையும் தொட்டால் நல்ல ஃபியூஸ் ஒலி எழுப்பும். எரிந்ததை எடுத்துவிட்டு அந்த இடத்தை ஒரு துளி ஈயத்தாலோ செம்பிழையாலோ இணைத்துவிடும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. விளக்கு உடனே எரியும். வாடிக்கையாளரும் மகிழ்ந்து போவார். ஆனால் அடுத்த முறை அதே வழியில் குறுக்குமின் நேர்ந்தால் எரிவது ஃபியூஸாக இராது, மதர்போர்டின் மின்தடமாகவே இருக்கும். அதே அளவு ஃபியூஸைத்தான் பொருத்த வேண்டும். அதைவிட்டு இணைத்துத் தருவது பழுதுநீக்கம் ஆகாது.

கேபிளும் பேனலும் சரியாயிருந்தும் திரை விட்டுவிட்டு அணைவதற்கு எளிதில் நினைவுக்கு வராத ஒரு காரணம் காந்தம். மூடியை மூடியவுடன் கணினி உறங்கச் செல்வதற்காக மூடியின் விளிம்பில் ஒரு சிறு காந்தமும், விசைப்பலகைப் பகுதியில் அதை உணரும் ஹால் உணரியும் வைக்கப்பட்டிருக்கின்றன. திரை மாற்றும்போது அந்தக் காந்தம் இடம்பெயர்ந்து உணரிக்கு அருகில் ஒட்டிக்கொண்டால், மூடி மூடியே இருப்பதாகக் கணினி கருதித் திரையை அணைத்துவிடும். பழுதுநீக்கும் மேசையில் ஒரு மடிக்கணினியின் மேல் மற்றொன்றைத் திறந்து வைத்துச் சோதிக்கும்போது, கீழுள்ளதன் காந்தம் மேலுள்ளதன் உணரியைத் தூண்டி அதை உறங்கவைப்பதும் இதனால்தான். இடத்தை மாற்றி வைத்தால் தீர்ந்துவிடும் இதற்காகப் பேனலைக் கழற்றியவர்கள் உண்டு.

மும்பையின் தட்பவெப்பமும் கணக்கில் வர வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை நீளும் மழைக்காலத்தில் நகரம் 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறுகிறது. கோவண்டியின் கிழக்கே தாணே கழிமுகம் இருப்பதால் காற்றில் ஈரத்தோடு உப்பும் சேர்கிறது. பல ஆண்டுகள் செருகியே இருந்த கேபிளைக் கழற்றும்போது அதன் பின்களில் பச்சையாகவோ வெண்மையாகவோ படிந்த களிம்பு தென்படுவதுண்டு. அதன் மேலேயே புதிய பேனலைச் செருகினால் தொடுகை அரைகுறையாகி, காலையில் படம் வந்து மாலையில் போகும். 99 விழுக்காடு ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் தோய்த்த மென்தூரிகையால் துடைத்து, முழுதும் உலர்ந்த பிறகு செருகுவதே போதுமான சிகிச்சை. செருகியபின் மேலே ஒட்டும் நாடாவை அழுத்தி ஒட்டவும், உலோகக் கொக்கி உள்ள கனெக்டர்களில் அதைத் தாழ்த்திப் பூட்டவும் மறக்கலாகாது. இந்த நாடா அழகுக்காக வைத்ததன்று, கீலின் அசைவில் கனெக்டர் நழுவாமல் பிடித்திருப்பது அதுவே. சட்டத்தை ஒட்டி மூடுவதற்கு முன்பே, மென்துணி விரித்த விசைப்பலகையின் மேல் பேனலைச் சாய்த்து வைத்து இயக்கிப் பார்த்துவிட்டால், பிறகு எல்லாவற்றையும் மறுபடி பிரிக்கும் வேலை மிச்சம்.

ஆப்பிள் மேக்புக்குகளில் நிலைமை வேறு. அவற்றில் பேனலை மட்டும் தனியே மாற்றுவது அரிது. மூடி முழுவதையும் மாற்றுவதே வழக்கம். நிறுவனத்தின் மென்பொருளால் அளவீடு செய்யாதபோது, அறை வெளிச்சத்துக்கேற்ப நிறத்தைச் சரிப்படுத்தும் ட்ரூ டோன் வசதி மறைந்துபோகிறது. வன்பொருள் பழுதாகாமலே வசதி பறிபோகும் இத்தகைய பூட்டுகள் நியாயமற்றவை என்ற குரல் உலகெங்கும் எழுந்துள்ளது. இந்தியாவிலும் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுநீக்கும் உரிமை குறித்து ஒரு குழுவை அமைத்து, அதே ஆண்டு டிசம்பர் 24 அன்று அதற்கென ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. மின்னணுப் பொருள்களும் அதில் அடங்கும். உதிரிப்பாகமும் கையேடும் வெளிப்படையாகக் கிடைக்காதவரை, மேலே சொன்ன பின் வரிசையும் பேனல் எண்களும் கடைக்குக் கடை வாய்மொழியாகப் பரவும் செய்திகளாகவே நீடிக்கும். அதன் விலையைக் கொடுப்பவர் பணமில்லாத வாடிக்கையாளர்.

கழற்றிய பழைய பேனலைக் கடையிலேயே விட்டுவிட்டு வருவது பலரின் வழக்கம். புதியது சில நாள்கள் குறையின்றி ஓடும்வரை அதை விட்டுக்கொடுக்கக் கூடாது. சரியான மாடல் எண் அதன் லேபிளில்தான் இருக்கிறது என்பது ஒரு காரணம். கண்ணாடி விரிசல்விட்ட பேனல்கூடப் பெரும்பாலும் ஒளிரும் என்பது மற்றொரு காரணம். புதிய பேனல் இருண்டபோது பழையதை மீண்டும் செருகி, விரிசலுக்கு இடையிலேனும் படம் வருகிறதா என்று பார்த்தால், கேபிளும் மதர்போர்டும் நலமா என்ற வழக்கு சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். பழையதும் ஒளிரவில்லையென்றால், வேலை நடந்தபோதே வேறு ஏதோ பழுதாகியிருக்கிறது என்பதையும் அதுவே காட்டும்.

தேவை முடிந்த பேனலைக் குப்பையில் போடுவது தேவ்நார்க் குப்பைமேட்டின் அருகே வாழ்பவர்களுக்கு நல்லதன்று. 1927 முதல் நகரத்தின் குப்பையைத் தாங்கிவரும் அந்த மேடு 2016 ஜனவரியில் தீப்பற்றி நாள்கணக்கில் புகைந்தபோது அதைச் சுவாசித்தவர்கள் சிவாஜி நகரத்தாரும் அவர்தம் அயலாரும்தாம். ஏறத்தாழ 2010-க்கு முற்பட்ட பேனல்களின் குழல்விளக்கில் பாதரசம் இருப்பதால் அவற்றை உடைக்கவே கூடாது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகள் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடமே இத்தகைய கழிவு சேர வேண்டும் என்கின்றன.

திரை மாற்றக் கொடுப்பவர் கேட்டுப் பெற வேண்டியவை மூன்று: பேனலின் முழு மாடல் எண்ணும் வாரண்டி நாள்களும் எழுதிய பில், மூடுவதற்கு முன் முழு நிறங்களில் ஒரு சோதனை, கழற்றிய பழைய பேனல். பில் கையில் இருந்தால், குறையுள்ள பொருளுக்கும் குறையுள்ள சேவைக்கும் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் முறையிடலாம்; தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.